பலாமரத் தூண்

சேலம், 6-1-1938

அன்புள்ள அம்மாவுக்கு, சின்னையன் தோத்திரம். உங்கள் பேத்திக்குக் காய்ச்சல் விட்டது.

நம் மலைமேல் வேதக்கோவிலைச் செப்பனிடும் வேலை எனக்கே வந்திருக்கிறது. சித்திரையில் பிஷப் மேற்றிராணியார் வருகிறார். ஆண்கள் பக்கத்து வாசலில் நின்றால் பெண்கள் மூலை தெரிவதில்லை, நடுத்தூணை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் போடு என்கிறார் சாமியார். பழைய பிளானில் தூண் ஒரு சாண் கனம்தான். அன்று மரவேலை செய்த அப்பா, இரண்டு கைக்கும் அடங்காத பலாமரத்தை நிறுத்திவிட்டார். அந்தக் காலத்துப் பிசகு.

சின்னையன்

குண்டனி நாடு, 14-1-1938

கண்ணு சின்னையனுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. குழந்தைக்கு மிளகு அனுப்பியிருக்கிறேன்.

தூணைத் தொடாதே. முப்பத்தாறு வருஷத்தில் மண்சுவர் மூன்று தரம் கரைந்தது, புல்லுக்கூரை போய் ஓடு வந்தது. தூண் நிற்கிறது. அதன் மறைவில் இன்றைக்கும் ஆள் உட்காருகிறது. வேதத்தில் சேராத குடும்பத்தில் இருந்துகொண்டு, ஊட்டில் விறகுக்கு என்று சொல்லிவிட்டுப் பூசைக்கு வருகிற பெண்கள். வாசலில் எட்டிப்பார்க்கும் மாமனுக்கும் மச்சானுக்கும் அவர்கள் தெரியக்கூடாது.

பாவாயி

சேலம், 25-1-1938

அம்மா, அவர்கள் பெயரை எழுதுங்கள். முன்வரிசையில் மரியாதையாக உட்காரவைக்கச் சாமியாரிடம் சொல்லுகிறேன். இந்த வேலையை விட்டால் இனி எந்தக் கோவில் வேலையும் எனக்கு வராது.

சின்னையன்

குண்டனி நாடு, 3-2-1938

சின்னையா, பெயரா கேட்கிறாய்? ஒன்று தருகிறேன். பாவாயி.

உன் அப்பா கூலிக்கு மரம் அறுக்க வந்தவர். சாகும்வரை பூசைக்கு வந்ததில்லை. கோவில் கட்டுமுன் இருந்த பழைய கொட்டகையில் நான் பூசை கேட்பது அவருக்குத் தெரியாது என்றுதான் இருந்தேன். தூண் இவ்வளவு கனமா என்று அன்றைய சாமியார் கோபித்தபோது, மண்கூடையோடு நானும் அங்கே நின்றேன். "மெல்லிசா நின்னா, பின்னால ஒக்காந்திருக்கறவ தெரிவாளுங்க" என்றார் உன் அப்பா. என் பக்கம் திரும்பவேயில்லை. உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதையா பிசகு என்று எழுதினாய்? உனக்கு நான் பால் கொடுத்ததும் அந்த மறைவில்தான்.

ரம்பத்தோடு வா. யார் யார் என்று தெரியாதபடி கிழவிகள் நாங்களும் கலந்து உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருத்தியாக எழுப்பிப் பெயர் கேட்டுவிட்டு அறு.

பாவாயி

சேலம், 12-2-1938

அம்மா, தூணை எடுக்கமாட்டேன் என்று சாமியாருக்கு எழுதிவிட்டேன். வேறு கொத்தனாரைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து இரும்பை நம்ம ஆட்கள்தானே தோளில் சுமந்து ஏற்ற வேண்டும்? அவர்களிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

வேலை இருந்தாலும் போனாலும் மாசிக் கடைசியில் வாரேன். தூண் மறைவில் தரை பள்ளமாகியிருக்கும், மெழுகித் தருகிறேன். எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

சின்னையன்