இடது பக்கம் நிற்பவன்

ஹல்
8 அக்டோபர் 1961

அன்புள்ள கீத்துக்கு,

நீ சுகமாக இருப்பதைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீயாக ஒரு வரி எழுதவில்லை. மீன் துறைமுகத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் விளையாட்டுப் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு, "ஹெரால்ட், ஒன் பொண்டாட்டி ஓடிப்போன எடத்துல ஜம்முனு இருக்காளாம்டா!" என்றான். பொண்டாட்டி என்றது உன்னைத்தான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

ஏழு வருஷம் ரக்பி மைதானத்தில் உன் பக்கத்தில் சென்டராக ஓடியவன் நான். இரண்டு தடியன்களை என் மேல் இழுத்து, விலா நொறுங்க அடி வாங்கி, கடைசி நொடியில் உனக்குப் பந்தைத் தருவேன். நீ விங்கில் ஓரமாகப் பறந்துபோய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ட்ரை எடுப்பாய். படம் உன்னுடையது, ஒத்தடம் என்னுடையது. அப்போது அது உறுத்தவில்லை. இப்போது உன் இடத்தில் பாரி என்று ஒரு பயலை விட்டிருக்கிறார்கள். பந்தைக் கொடுத்தால் சுடுகிற உருளைக்கிழங்கு மாதிரி கீழே போடுகிறான்.

அங்கே உனக்குச் சென்டர் யார்? உன் இடது கண்ணைப் பற்றி அவனிடம் உளறிவிடாதே. நாலாம் வருஷம் தோற்றுப்போன ஓர் ஆட்டத்துக்குப் பிறகு, எல்லாரும் குளித்து எழுந்து போனதும் அந்தப் பெரிய தொட்டியின் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, அந்தக் கண்ணில் பாதிதான் தெரியும் என்று சொன்னாயே. பெற்ற தாய்க்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும் என்றாய். அன்றிலிருந்து உனக்கும் ஓரக் கோட்டுக்கும் நடுவே உயரமாக வந்த பந்தையெல்லாம் உன் பின்னால் ஓடிவந்து பிடித்தவன் நான்.

என் அசல் பொண்டாட்டி மேவிஸ் உனக்குக் காலுறை பின்னுகிறாள்.

உன் பழைய சென்டர்,
ஹெரால்ட்


வாரிங்டன்
2 நவம்பர் 1961

அன்புள்ள ஹெரால்ட்,

கோபித்துக்கொள்ளாதே. நான் ஓடிப்போகவில்லை, கிளப்தான் என்னை விற்றது. கையெழுத்துப் போட்ட அன்று நீயும்தான் கூட இருந்தாய்.

வீட்டுக்கார அம்மாள் நல்லவள். ஆனால் பொழுது விடிந்தால் தட்டில் பன்றி பேக்கன்தான். சிவப்பும் வெள்ளையுமாக அதைப் பார்த்ததும் நம் ஜென்ம எதிரி, ஊர்க் கிழக்குக்கரைக் கிளப்பின் சட்டைதான் கண்ணில் நின்றது. நம் மேற்குக்கரையில் எவன் அதைத் தொடுவான்? இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தேன். பிறகு தின்றுவிட்டேன். ஊரில் யாருக்கும் சொல்லாதே.

சென்டர் பெயர் எம்ரிஸ். வேல்ஸ்காரன். அதிகம் பேசமாட்டான், குளிக்கும்போது மட்டும் பாடுவான். அவன் கொடுக்கும் பந்து கையில் வந்து உட்காருகிறது, தேட வேண்டியதே இல்லை.

பிப்ரவரியில் உங்களோடு ஆட வருகிறோம். நாட்டு அணியின் ஆஸ்திரேலியா பயணத்துக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றைக்கு வருகிறார்களாம். எனக்கு இருபத்தேழு ஆகிறது, இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது. கண் விஷயம் வெளியே தெரிந்தால் டாக்டர் ஒரு அட்டையைக் காட்டிப் படிக்கச் சொல்வார், அத்தோடு என் ஆட்டம் முடிந்தது. உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
கீத்


ஹல்
14 ஜனவரி 1962

அன்புள்ள கீத்துக்கு,

சொல்ல வேண்டியதில்லை என்றால் ஏன் சொன்னாய்? யாரோ தெருவில் போகிறவனிடம் கேட்பது மாதிரி அல்லவா கேட்டிருக்கிறாய்.

பேப்பரில் உன் படம் வந்தது. எம்ரிஸின் கை உன் தோளில். என் கை அந்தத் தோளில் எத்தனை தடவை இருந்திருக்கும், ஒரு பேப்பர்காரனாவது எடுத்தானா? மேவிஸ் பார்த்துவிட்டு, "பையன் கொஞ்சம் சதை போட்டிருக்கான், நல்லா பாத்துக்கிறாங்க போல" என்றாள். இங்கே நாங்கள் உன்னைப் பட்டினி போட்டோமா? கடுப்பில் பேக்கன் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன். இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

தேடவே வேண்டாத பந்தாம்! என் பந்தைத் தேடினாயோ? அதை ஏழு வருஷத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்குச் சேர்ந்து போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. அங்கே உன் பக்கத்தில் எவன் ஓடுவான் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. மேவிஸ் காலுறையைத் தனியாக அனுப்பியிருக்கிறாள்.

ஹெரால்ட்


வாரிங்டன்
19 பிப்ரவரி 1962

அன்புள்ள ஹெரால்ட்,

ஆட்டம் முடிந்ததும் உன்னைத் தேடினேன். குளிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாய் என்றார்கள். தோற்ற வருத்தமா? உன் மேல் இரண்டு தடவை மோதினேன், இன்னும் என் தோள் வலிக்கிறது. வயசாகிவிட்டது என்று இனி எவனிடமும் சொல்லாதே.

மூன்று ட்ரை! ஆள் எடுப்பவர்களில் ஒரு கிழவர் வந்து கை குலுக்கினார். மேவிஸிடம் சொல்லு, அவள் பின்னிய காலுறைதான் போட்டிருந்தேன்.

ஒன்றுதான் புரியவில்லை. உங்கள் கேப்டன் ஸ்டான் மதியம் முழுக்க என் இடது பக்கமாகவே உயர உயர உதைத்தான். "ஒரே எடத்துக்கு அடிக்கிறானுங்க. எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றான் எம்ரிஸ். "எங்க ஊர்ல அப்படிப்பட்டவன் எவனும் இல்ல, வாய மூடு" என்று கத்திவிட்டேன். நல்லவேளை, ஒரு பந்துகூட என்னிடம் வந்து விழவில்லை, எல்லாவற்றையும் எம்ரிஸ் பிடித்துவிட்டான்.

நீ வாயைத் திறக்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

என்றும் உன்,
கீத்


ஹல்
25 பிப்ரவரி 1962

கீத்,

எனக்கு நன்றி சொல்லாதே. படிக்கவே கூசுகிறது.

ஸ்டானிடம் சொன்னவன் நான்தான். ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை பயிற்சி முடிந்து பப்பில் உட்கார்ந்திருந்தோம். "ஒன் ஆளை எப்படிடா நிறுத்துறது?" என்று கேட்டான். ஒன் ஆள் என்றானே, அது போதும். நீ இப்போது யாருடைய ஆள் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன பிரயோஜனம்?

ஆனால் நீ மட்டும் யோக்கியமா? ஒவ்வொரு பந்துக்கும் எம்ரிஸ் உன் பின்னால் வந்து நின்றான். நான் நிற்கும் அதே இடத்தில், ஸ்டான் உதைப்பதற்கு முன்னாலேயே. அதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் தானாக யாருக்கும் தெரியாது. அவனிடம் சொல்லிவிட்டாய். தாய்க்கு அடுத்து நான் என்றாயே, ஒரு வருஷம்கூடப் பொறுக்கவில்லையா உனக்கு? நான் ஆத்திரத்தில் சொன்னேன். நீ ஆசையாகச் சொல்லியிருக்கிறாய். எது பெரிய துரோகம்?

பதில் எழுது. எந்த நாளில், எங்கே வைத்து அவனிடம் சொன்னாய் என்று மட்டும் எழுது.

ஹெரால்ட்


வாரிங்டன்
21 மார்ச் 1962

ஹெரால்ட்,

எழுத மனம் வராமல் இத்தனை நாள் போய்விட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாக எம்ரிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். உனக்காக அவனிடம் கத்தியிருந்தேன் அல்லவா.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் பட்டியல் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். கண்ணைப் பற்றி ஸ்டான் வெளியே எங்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவனுக்கு என் நன்றியைச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். அவனிடம் நான் சொல்லவே இல்லை. இங்கே வந்து இரண்டாம் பயிற்சியிலேயே அவன் என் இடது பக்கம் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. என் பக்கத்தில் மூன்று வருஷம் ஓடிய பிறகும் உனக்கு நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

கீத்