கண்கட்டு அவிழ்ந்தபோது

ஜமுனாமரத்தூர்,
12-2-1963

அன்புள்ள அக்கா,

மிஷன் கண் முகாமில் தொண்டு செய்ய வந்த இடத்தில் நடந்ததை உனக்கு உடனே எழுதுகிறேன்.

இன்று காலை, ஐந்து வருடமாகப் பார்வையில்லாத மங்கம்மாளுக்கு ஆபரேஷன் செய்து போட்டிருந்த கண்கட்டை அவிழ்த்தேன். இத்தனை நாளும் ஊட்டிவிட்ட மகள் பச்சையம்மாவை ஆசையாக எதிரே நிறுத்தினேன்.

அந்தப் பெண்ணோ ஓவென்று அழுதாள். "நான் பச்சையம்மா இல்லம்மா. அவ மூணு வருசம் முன்ன பிரசவத்துல போய்ட்டா. உன் மருமவன் ரெண்டாவதா கட்டினவ நான். நீ தாங்கமாட்டேன்னு மறைச்சிட்டோம்."

இதற்காகவா கட்டை அவிழ்த்தேன் என்று பதறிப்போனேன்.

மங்கம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தவளுக்குக் கொரலு தெரியாதா? அன்னிக்கே தெரியும். கேட்டா நீயும் போய்டுவியோன்னு சும்மா இருந்தேன். உம் பேரு இன்னாம்மா?"

அக்கா, அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

உன் தங்கை