வாசிக்காமல் விட்ட பேர்

திசையன்விளை
1911 ஜனவரி 6

கர்த்தருக்குள் பிரியமான மதினி அவர்களுக்கு,

உங்கள் தம்பி பாக்கியசீலனின் மனைவி ஞானசௌந்தரி எழுதுவது. நாம் ஒருவர் முகம் ஒருவர் பார்த்ததில்லை. நான் மருமகளாக வருவதற்கு வெகு முன்னாலேயே நீங்கள் இந்த ஊரை விட்டுப் போய்விட்டீர்கள். பத்தமடையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று உங்கள் தம்பிதான் ஒரு நாள் கிணற்றடியில் வைத்து ரகசியமாகச் சொன்னார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். அவளுக்குத் தாமார் என்று உங்கள் பேரை வைக்க ஆசைப்படுகிறேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பேர் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். மாமா தினமும் சாயங்கால ஜெபத்தில் ஓர் அதிகாரம் விடாமல் வேதம் வாசிப்பார் என்று ஊரே மெச்சுகிறது. விடுகிறார், மதினி! தாமார் என்ற பேர் வரும் அதிகாரம் வந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். ஆண்டவருடைய வம்ச வரலாற்றில்கூட அந்த ஒரு பேரை முழுங்கிவிட்டார். நான் புது மருமகள், வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தானே? “மாமா, ஒரு பேரு விட்டுப்போச்சே” என்று சொல்லிவிட்டேன். அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. அது உங்கள் பேர் என்று பிறகுதான் உங்கள் தம்பி சொன்னார்.

அடிக்கிற புருஷனை விட்டு, ஊரே கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது பட்டப்பகலில் வண்டி ஏறிப் போனீர்களாம். அந்த மனுஷர் இப்போது இலங்கையில் வேறு குடும்பமாகிவிட்டார். ஊர்கூட மறந்துவிட்டது. மாமா மட்டும்தான் மறக்கவில்லை. சபை மூப்பர் அப்பாத்துரையின் மகள் இப்படிச் செய்தாளே என்று இன்னும் குமைகிறார். பேத்திக்கு உங்கள் பேர் வந்துவிட்டால் தினமும் அவர் வாயால் சொல்லித்தானே ஆகவேண்டும்? அப்புறம் உங்களை எத்தனை நாள் வெளியே நிறுத்துவார்?

பதில் போடுங்கள். உங்கள் தம்பிக்கு இது தெரியாது. தெரிந்தால் பயத்தில் காய்ச்சல் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஞானசௌந்தரி

பத்தமடை
1911 ஜனவரி 14

அன்புள்ள தங்கச்சி சௌந்தரிக்கு,

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். உன் வாய்த்துடுக்கை என் தம்பி எப்படித் தாங்குகிறானோ!

பேர் விஷயம் வேண்டாம் அம்மா. அது எனக்கு வந்த விதம் சொல்கிறேன். எங்கள் தாத்தாவுக்கு வேதம் புதிது. எழுத்துக்கூட்டி வாசிப்பார், கதை தெரியாது. நான் பிறந்தபோது வேதத்தைத் திறந்து கண்ணை மூடி விரலை வைத்தார். விரல் போய்த் தாமாரில் நின்றது. தேவன் கொடுத்த பேர் என்று எல்லாருக்கும் சந்தோஷம். கதை பிற்பாடு பள்ளிக்கூடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தாமார் முக்காடு போட்டு வழியில் உட்கார்ந்து மாமனாரையே ஏமாற்றியவள். இன்னொருத்தி தாவீது ராஜாவின் மகள், அண்ணன் முறையானவனே கெடுத்துத் துரத்தினான். தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே போனாள். நான் அந்தப் பேரோடு வளர்ந்து என்ன கண்டேன்? பேருக்கேற்ற பவிசு என்று ஊர்ப் பெண்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எலிசபெத் என்று வை. சாரம்மாள் என்று அம்மா பேரை வை. அப்பாவிடம் என் பேரை எடுத்துவிடாதே, சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். அவருக்கு மார்கழிப் பனி ஆகாதே, இருமல் எப்படி இருக்கிறது? கருப்பட்டியில் சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுங்கள். நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்.

உன் மதினி,
தாமார்

திசையன்விளை
1911 ஜனவரி 23

பிரியமுள்ள மதினிக்கு,

சுக்குக் கருப்பட்டி கொடுத்தோம், இருமல் தேவலை.

நீங்கள் பாதிக் கதைதான் படித்திருக்கிறீர்கள், நான் சண்டைக்கு வருகிறேன். முக்காடு போட்டவளைப் பற்றி அந்த மாமனாரே கடைசியில் ஊர் முன்னால், நியாயம் அவள் பக்கம் என்று ஒத்துக்கொண்டானே, அதை ஏன் விட்டீர்கள்? ரூத்துக்குக் கலியாணம் ஆகையில் பெரியவர்கள் தாமார் பெற்ற பிள்ளையின் வீட்டைப்போல உன் வீடு விளங்கட்டும் என்றுதானே வாழ்த்தினார்கள்? தாவீதின் மகள் அழுதுகொண்டு போனாள், சரி. அவள் கூடப்பிறந்த அப்சலோம் தன் மகளுக்கு அதே பேரை வைத்தான். அவமானப்பட்ட பேர் என்று அவன் ஒதுக்கவில்லை.

இன்னொருத்தியும் உண்டு. போர்டிங் பள்ளிக்கூடத்தில் எங்கள் துரைசானி சரித்திரம் நடத்தும்போது சொன்னது. ருஷ்யாவுக்குத் தெற்கே ஜார்ஜியா என்று ஒரு கிறிஸ்தவ தேசமாம். அதைத் தாமார் என்ற ராணி ஆண்டாளாம். ராணி என்றுகூடச் சொல்லாமல் ராஜா என்றே பட்டம் கொடுத்தார்களாம். பெரியவர்கள் கட்டிவைத்த புருஷன் சரியில்லை என்று அவனை நாட்டை விட்டே அனுப்பிவிட்டாளாம்! நீங்களாவது வீட்டைத்தான் விட்டீர்கள்.

ஆனால் நான் தோற்றுப்போனேன், மதினி. நேற்றுச் சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேவிட்டேன். கையை உதறிவிட்டு எழுந்தார். “இந்த வீட்டுல அந்தப் பேரு கிடையாது” என்றார், அவ்வளவுதான். அத்தை அழுதார்கள். எலிசபெத் என்று முடிவாகிவிட்டது. பிப்ரவரி 12 ஞாயிறு ஞானஸ்நானம், மாமாதான் ஞானத்தகப்பனாக நின்று பேர் சொல்கிறவர். எனக்கு ஒரே ஆத்திரமாக வருகிறது. நீங்களாவது வாருங்களேன்.

சௌந்தரி

பத்தமடை
1911 ஜனவரி 31

அன்புள்ள சௌந்தரிக்கு,

எலிசபெத் நல்ல பேர். மனசுக்கு நிம்மதி என்று எழுத உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. அழுதேன். வேண்டாம் வேண்டாம் என்று எழுதியவளுக்கு, இல்லை என்று ஆனதும் ஏன் அழுகை வரவேண்டும்? நான் வீட்டை விட்டுப் போனதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. அப்பா என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேரைக்கூடச் சொல்லாமல் இருக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

அப்சலோம் மரத்தில் தொங்கிச் செத்ததை மறந்துவிட்டாயே! உன் ஜார்ஜியா ராணி கதையை என்னிடம் எழுத்துப் படிக்கும் ஜனாபாவிடம் சொன்னேன். பாய் முடைகிற கையை நிறுத்திவிட்டு, “புருஷனையா நாடு கடத்துனா? அப்படிப் போடு!” என்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள்.

நான் வரமாட்டேன். அப்பா கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன், அவர் மகள்தானே நானும். பிள்ளைக்கு என் முத்தம்.

தாமார்

திசையன்விளை
1911 பிப்ரவரி 13

என் மதினி, என் மதினி,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துச் சரியில்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கோயில் நிறையக் கூட்டம். சபை குரு தேவசிகாமணி ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, “இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்” என்றார். மாமா சொல்லவேண்டும். சொல்லவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து உங்கள் தம்பி “எலிசபெத்து, எலிசபெத்து” என்று பின்னாலிருந்து முணுமுணுக்கிறார்.

மாமா தொண்டையைச் செருமினார். “தாமார்” என்றார்.

ஐயர் விழித்தார். “என்ன பேரு, மூப்பரே?”

“தாமார்னு சொல்லுதேம்லா! காது கேக்கலியா?” ஐயரிடமே சத்தம்! பிறகு அதே பேரைச் சொல்லித் தண்ணீர் வார்த்தார்கள். அத்தை அங்கனயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் அவரிடம் கேட்கத் தைரியமில்லை. என்னைத் தவிர யார் கேட்பார்? கேட்டேன். “பிள்ளை மொகத்தப் பாத்தேன். அவளையும் இப்படித்தான் அந்த இடத்துல வச்சு எங்கப்பா கையில குடுத்தேன். வேற பேரு வாயில வரல, தாயி. நான் என்ன செய்ய?” என்றார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டை விலக்காமலே, “அவள வரச் சொல்லி எழுது. வில்வண்டிய பாளையங்கோட்டைக்கு அனுப்புதேன்” என்றார்.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் நிற்கிறார். ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொல்கிறார். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பேர் என்றால் உங்களை எப்படிக் கூப்பிடுவதாம்? பெரியவள் சின்னவள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவளையே கேள் என்கிறார்.

சௌந்தரி

பத்தமடை
1911 பிப்ரவரி 18

சௌந்தரிக்கு,

துணிமணி கட்டிவிட்டேன். வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் வண்டிக்குக் காத்திருப்பேன்.

அப்பாவிடம் சொல். எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். கூப்பிட்டால் போதும்.

தாமார்