மாகறல் தாண்டி நின்ற வண்டி

ஐப்பசி 14, வியாழன்

மத்தியானம் களை எடுக்கும்போது என் மனைவி செல்வியை நல்ல பாம்பு காலில் கடித்துவிட்டது. தம்பி பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொள்ள, புது பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். மாகறல் தாண்டியதும் இன்ஜின் நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. அதை உள்ளே தள்ளும் பம்ப் ஓடவில்லை. பழைய வண்டியென்றால் கார்பரேட்டரைக் கழற்றி, ஊதிவிட்டுக் கிளப்பியிருப்பேன். கார்பரேட்டரே இல்லாத இந்த எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் மாட்டாமல் பம்ப் ஏன் ஓடவில்லை என்றே தெரியாது.

"இன்னா மாமா, கெளம்பலயா? எனுக்குக் கண்ணு மங்கலா கீது" என்றாள்.

"தோ, ஆயிடுச்சு செல்வி" என்று பொய் சொல்லிவிட்டு உதைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு பால் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. அதற்குள் அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று.

இப்போது மெஷின் வைத்துத்தான் மூச்சு. கால் வீங்கிப்போனதால் மெட்டியை வெட்டி எடுத்து நர்ஸ் என் கையில் கொடுத்தார். கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள்.