காலண்டரைக் கிழித்தது யார்?

மகாராணிக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

நேற்று கத்தியது தப்புதான். ஆனால் மூன்று வாரத்தில் மூன்று தடவை சக்கர நாற்காலியோடு விழுந்தால், தூக்குகிறவனுக்கு எரிச்சல் வராதா? மூன்றும் நான் வேலைக்குப் போயிருந்த நேரம். கேட்டால் "பிரேக் பிடிக்கலங்க" என்று சாதிக்கிறாய். சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினேன். "பிரேக்கு கல்லு மாதிரி நிக்குது சார்" என்கிறார்.

என் காதில் பூ சுற்றாதே. நேற்று அவசரத்தில் காலண்டரைக் கிழிக்க மறந்து ஓடினேன். இன்று காலையில் இரண்டு தாளாகக் கிழிக்கப் போனால், நேற்று கிழிக்க வேண்டிய தாள் ஏற்கெனவே போயிருக்கிறது. அது தொங்குவது என் தலை உயரத்தில். உட்கார்ந்தபடி உன் கை எட்டாது. நேற்று வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று நீயே சொன்னாய். அப்படியென்றால், நான் இல்லாதபோது எழுந்து நின்று பார்க்கிறாய். பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?

பி.கு.: இன்று கிழிக்க வேண்டிய தாளை வேண்டுமென்றேதான் கிழிக்காமல் விட்டிருக்கிறேன். ஐந்து மணிக்கு வந்துவிடுவேன், அதுவரை தொடாதே.

இன்னொன்று. விழுவதாக இருந்தால் என் மேல் விழு.