அப்பாவின் ஈரலும் சீன ஊசியும்

டிக்கோயா

அன்பு மகன் பிரதாப்புக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே மழையும் நாங்களும் நலம், அங்கே கட்டாரில் வெயிலும் நீயும் எப்படி? போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள், லீவு முடிந்து அங்கே திரும்பி வரும் உன் கூட்டாளி ஜீவராஜிடம் கொடுத்துவிடுகிறோம்.

அப்பாவுக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் தெரிந்ததும், தினமும் நடங்க, சீனியை விடுங்க என்று டொக்டர் சொன்னார். நடக்கச் சொல்ல டொக்டர் எதுக்கு, தோட்டத்தில் வேலை வாங்குற கங்காணி போதுமே என்று இவருக்குக் கோபம். ஹட்டனில் கடை மாடியில் சீன ஊசி குத்தும் கணேசமூர்த்தியைப் பிடித்தார். வயிற்றிலும் காலிலும் பதினாறு ஊசி, குடிக்க ஏதோ சீன வேர்க் கஷாயம். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்து, ஊசி குத்திய உடம்பு என்று படுத்துவிடுவார். கஷாயம் கசக்குதாம், அதற்கு மூன்று கரண்டி சீனி. லயத்து வீட்டு வரிசையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, அண்ணே, ஒரு நாள் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பாருங்க, ஊசியே வேணாம் என்றாள், அவளோடு ஒரு கிழமை பேச்சில்லை. அடுத்த ஸ்கேனில் கொழுப்பு கூடியிருந்தது. இப்படியே போனா ஈரல் சுருங்கிப் போயிரும் என்று டொக்டர் சொன்னார். இவரோ, சீன மருந்து மெதுவாத்தான் புடிக்கும் என்கிறார்.

அப்புறம்தான் மழையில் பாலம் உடைந்து ஆட்டோ நின்றது. ஊசியை விடுவாரா? கிழமைக்கு நாலு நாள், போக மூன்று மைல், வர மூன்று மைல், மலைக் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கி நடந்தார். லொறி வரவில்லை, சீனி இல்லை என்று நானும் டின்னை ஒளித்துவைத்தேன். போன கிழமை ஸ்கேனில் கொழுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. வரும் வழியெல்லாம் கணேசமூர்த்தியின் கைராசிப் பேச்சுதான். லயத்தில் ஏழு பேர் ஊசிக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பாலம் கட்டி முடியப்போகிறது. ஊசிக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாக நீ சொன்னாயாம், கலர்கூடப் பார்த்துவிட்டார். தம்பி, உன் பாசம் தெரியாமலில்லை, ஆனால் அது வந்தால் அப்பா நமக்கு இல்லை. நடந்துதான் குணமாச்சு என்று சொல்லாதே, சண்டைக்கு வருவார். உன் கம்பெனியில் சீனாக்காரர்கள் இருக்கிறார்களே, அந்த ஊசியை நடந்துபோய்க் குத்திக்கொண்டால்தான் புடிக்கும் என்று அவர்கள் சொன்னதாகச் சொல்லு. சீனாக்காரன் சொன்னால் நம்புவார்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு. நீ நல்லா இருக்கணும், சாமி துணை. வாசித்ததும் கிழித்துவிடு.

உன் அம்மா
(எழுதியது தங்கச்சி வினோதா)