தையல் மேஜையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. தீபாவளி ரவிக்கைகள் மேஜை நிறைய. கொக்கி பாக்கி, கை மடிப்பு பாக்கி. பின்தெருக்காரருக்கு நாளை தருவதாகச் சொல்லியாயிற்று. முடியாது.

சாயங்காலம் ஆன்லைனில் கார் பந்தயம். படுதோல்வி.

கேமுக்குப் புது அப்டேட் வந்ததிலிருந்து என் லேப்டாப் திணறுகிறது. கார் வளைவுக்கு வரும்போது படம் நின்றுவிடும். மறுபடி அசையும்போது கார் பள்ளத்தில் கிடக்கும். கத்தாரில் என் வீட்டுக்காரர் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஹெட்போனில் சிரித்தார்கள். நாகூர் ஹமீது அண்ணன்: "தங்கச்சி, நீங்க கார் ஓட்டலை, கல்யாண ஆல்பம் பொரட்டுறீங்க!"

அவரும் சிரித்தார். அதுதான் சுருக்கென்றது.

பிறகு தனியாகப் போன். "ரஹ்மத்து, கொஞ்ச நாள் விட்டுடேன். லீவுல வரும்போது வேற லேப்டாப் பார்த்துக்கலாம்."

லீவு எப்போது? நோன்புப் பெருநாள் கழித்து. அதுவும் சூப்பர்வைசர் மனசு வைத்தால்.

கல்யாணமாகி ஆறு வருஷம். சேர்ந்து இருந்தது லீவுகளில் மட்டும். போனில் பேச ஒன்றும் இருப்பதில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், அம்மா தூங்கிட்டாங்களா. அப்புறம் இரண்டு பக்கமும் மௌனம். ஆனால் கேமில் அப்படியில்லை. அவர் என் காரை இடிப்பார். நான் திட்டுவேன். குறுக்கு வழியில் போய் முந்துவேன், அவர் அழுகுணி ஆட்டம் என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்கிறோம்.

விட மாட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வெயில், நடுவில் ஒரு பாட்டம் மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். ராஜேந்திரன் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்த ரவிக்கைக்கு ஆரி வேலை நான்தான். கூலி எவ்வளவு என்று கேட்டார். "கூலி வேணாண்ணே. பழைய எடிட்டிங் கம்ப்யூட்டர் மூலையில கெடக்குதே, அதுல உள்ள கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. "உங்க வீட்ல டெஸ்க்டாப் இல்லையேம்மா?"

"லேப்டாப்ல மாட்டப் போறேன்."

"இது செங்கல் கனம் இருக்கு. லேப்டாப்ல எங்கம்மா போகும்?"

உள்ளே போகாது. வெளியேதான் உட்கார வேண்டும். இரண்டு வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேமில் தெரியும் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. என் லேப்டாப்பில் இருப்பது நோஞ்சான். ஆனால் அதன் வயிற்றில், ஹார்டு டிஸ்க் பக்கத்தில், இன்னொரு டிஸ்க் மாட்டுவதற்கான ஸ்லாட் காலியாக இருக்கிறது. அதில் ஒரு தட்டை ஒயரைச் செருகி வெளியே இழுத்தால், மறு முனையில் உள்ள சின்ன போர்டில் பெரிய கார்டை நிறுத்தலாம். கரண்டு கார்டுக்குத் தனி.

போர்டும் ஒயரும் ஆன்லைனில் ஆர்டர் போட்டாயிற்று. அவரிடம் சொல்லவில்லை. ஓடினால் சொல்லலாம்.

கார்டைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்: "என்னக்கா, மிக்ஸியா?"

அக்டோபர் 8, புதன்

கூரியர் வந்துவிட்டது. மத்தியானம் வரை தையல். பிறகு கதவைச் சாத்தி வேலை.

முதலில் லேப்டாப்பில் இருக்கிற ஆரி டிசைன், அளவு எல்லாம் பென்டிரைவுக்கு. லேப்டாப் செத்தாலும் தொழில் சாகக்கூடாது.

அடி மூடியின் ஸ்க்ரூவெல்லாம் குண்டூசி வைக்கும் காந்தக் கிண்ணத்தில். மூடி வரவில்லை. பழைய ஏ.டி.எம். கார்டை ஓரத்தில் விட்டு நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். உயிரே போயிற்று. உடையவில்லை, கிளிப்தான்.

கொழுந்தன் சலீம் கடையிலிருந்து சாப்பிட வந்தான். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அண்ணன் மனைவி நான் அவனுக்கு மச்சி. பார்த்ததும் தலையில் கை. "மச்சி, வேணாம் மச்சி. போர்டு போச்சுன்னா நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"போனா நான் பார்த்துக்கறேன். அந்த சின்ன ஸ்க்ரூடிரைவர மட்டும் குடுத்துட்டுப் போ."

கொடுத்தான். பாவம், நல்ல பையன்.

மாமி, அவர் அம்மா, எட்டிப் பார்த்தார்கள். மேஜையில் லேப்டாப் குடல் தெரியத் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் கார்டு, பவர் சப்ளை, கயிறு கயிறாக ஒயர். "ஏம்மா, தைக்கிற எடத்துல கறிக்கடை போட்டிருக்கே?"

எல்லாம் மாட்டினேன். லேப்டாப்பை இரண்டு நூல்கண்டு டப்பா மேல் தூக்கி வைத்தேன். பிஸ்மி சொல்லி ஸ்விட்ச்.

கறுப்பு. வெறும் கறுப்பு. விசிறி மட்டும் சுற்றுகிறது.

அணைத்துப் போட்டேன். மறுபடி கறுப்பு. ஒயரை உருவிவிட்டுப் போட்டேன். லேப்டாப் எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ். சாகவில்லை. இன்று போதும்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாமி மீன் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

அடைமழை. வாய்க்கால் தளும்புகிறது, நடவுக்குப் போன பெண்கள் பாதியில் திரும்பிவிட்டார்கள். ரவிக்கை வாங்க யாரும் வரமாட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

நேற்று செய்த தப்பு தெரிந்தது. லேப்டாப்பும் கார்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். முதலில் கார்டுக்குக் கரண்டு. அப்புறம் லேப்டாப். போர்டு ஓரத்தில் எறும்பு அளவு ஒரு ஸ்விட்ச்; தள்ளினால் கார்டு கொஞ்சம் காத்திருந்து பேசும். ஊசி முனையால் தள்ளினேன்.

கார்டின் விசிறி சுற்றி நின்றது. லேப்டாப். கறுப்பு... கறுப்பு... வெளிச்சம்!

டிரைவர் சாஃப்ட்வேர் போட்டதும் கார்டின் பெயர் திரையில் வந்தது. முழுப் பெயர், நம்பரோடு. கத்திவிட்டேன். மாமி ஓடி வந்தார்கள். "ஷாக் அடிச்சிடுச்சா?"

"இல்ல மாமி. பேரு வந்துடுச்சு!"

"யாரு பேரு?"

ஹாலிலிருந்து டிவியைத் தூக்கி வந்து கேபிள் போட்டேன். மாமியின் சீரியல் போயிற்று, முகம் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கேமைத் திறந்தேன்.

அதே ஆல்பம். வளைவு. நின்றது. பள்ளம்.

இவ்வளவும் செய்து அதே பள்ளம். மேஜையிலேயே தலை வைத்துப் படுத்துவிட்டேன். அழவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். டிவியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். மாமி: "இருக்கட்டும்மா, நாளைக்கும் எடுத்துக்கோ."

அக்டோபர் 10, வெள்ளி

மழை விட்டது. வெளுத்த வானம். காலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். கொக்கியை மாற்றுப் பக்கம் தைத்துவிட்டேன், பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிக்கும்போதுதான் பொறி தட்டியது.

கேபிள்! டிவி கேபிளை லேப்டாப்பின் ஓட்டையில் அல்லவா செருகினேன். அப்படியானால் படம் வரைந்தது பழைய நோஞ்சான்தான். பெரிய கார்டு சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. கேபிள் போக வேண்டியது கார்டின் முதுகுக்கு.

ரவிக்கையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். டிவி. கேபிள். கார்டின் முதுகு. கரண்டு, அப்புறம் லேப்டாப். கேம்.

எப்படி எழுதுவது? மலைப்பாதை ஓடை மாதிரி ஓடியது. புளியம் இலை அளவு இலைகூடத் தனித்தனியாக அசைகிறது. ஈரச் சாலையில் வெளிச்சம். இந்த வளைவில் மாதக்கணக்காக ஓட்டுகிறேன், ஓரத்தில் ஒரு டீக்கடை இருப்பது இன்றுதான் தெரிந்தது. வளைவு வந்தது. நிற்கவில்லை. திருப்பினேன், திரும்பியது.

மாமி கதவருகில். "இது எந்த ஊரும்மா?"

"ஊரே இல்ல மாமி. கேமு."

"ஆமா, நல்லாத்தான் இருக்கு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் பந்தயம். கார்டு பற்றி மூச்சு விடவில்லை. ஹமீது அண்ணன்: "வாங்க தங்கச்சி, இன்னைக்கு எந்தக் கல்யாணம்?" எல்லாரும் சிரிப்பு. அவர் மட்டும் மெல்ல, "விடுங்கடா" என்றார்.

கிளம்பியதும் பின்னாலேயே போனேன், அவசரப்படாமல். முதல் மலையில் இரண்டு பேரைத் தாண்டினேன். ஹெட்போனில் சத்தம் குறைந்தது. பாலத்தில் ஹமீது அண்ணனைத் தாண்டினேன். "டேய் யார்றா இது? பஷீரு, உன் பொண்டாட்டி ஐடியில யாரோ ஓட்டுறாங்கடா!"

"நான்தாண்ணே. ஆல்பம் முடிஞ்சுடுச்சு."

முன்னால் அவர் கார் ஒன்றுதான். எனக்குத் தெரியும், கடைசி வளைவில் பயந்து பிரேக் போடுவார். போட்டார். நான் போடவில்லை. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "போ, போ, போ!" பக்கவாட்டில் உரசி, இடித்து, தாண்டி, கோடு.

முதல்!

அந்தப் பக்கம் அறையே அதிர்ந்தது. யாரோ தட்டைத் தட்டினார்கள். அவர் சிரிக்கிறார், மூச்சு முட்டச் சிரிக்கிறார். "ஏய் ரஹ்மத்து! என்ன பண்ணினே? சொல்லு, என்னதான் பண்ணினே?"

லேப்டாப்பைத் திறந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். கறுப்புத் திரை, ஊசி முனை, தப்பு ஓட்டையில் கேபிள். கடைசியில் அவர் குரல் மாறிப்போயிருந்தது. "நான் விட்டுடுன்னு சொல்லியிருக்கக் கூடாதுல்ல?"

"ஆமா. கூடாது."

மாமி ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். "டேய் பஷீரு, பொண்டாட்டிகிட்ட தோத்துட்டியேடா! நான் இங்கதான் இருந்தேன், கண்ணால பார்த்தேன்!"

இன்னும் மூன்று ஆட்டம் ஆடினோம். ஒன்றில் அவர் ஜெயித்தார். இரண்டு என்னுது. டிவி இனிமேல் என் அறையிலேயே இருக்கட்டுமாம். சீரியலை மாமி இங்கே வந்து பார்த்துக்கொள்வார்களாம்.

அக்டோபர் 11, சனி

நல்ல வெயில். பின்தெருக்காரர் காலையிலேயே வந்து நின்றுவிட்டார், கொக்கி தைத்துக் கையோடு கொடுத்தேன். கட்டை விரல் வலிக்கிறது. சலீம் வந்து கார்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான், கடையில் காட்டவாம்.

வாசலில் மாமி பால்காரரிடம்: "நேத்து எங்க மருமவ கத்தார்க்காரனுவ அத்தனை பேரையும் தோக்கடிச்சிட்டா."

"அப்படியா! எதுலங்க?"

"கார்ல."

"கார் எப்ப வாங்கினீங்க?"

"வாங்கலையே. ஓட்டுறா, அவ்வளவுதான். நீ அரை லிட்டர் ஊத்து."